பழையனூரிலிருந்து பாறசாலை வரை: ஊர் மாறிய நீலி

"சும்மா நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று பிள்ளைகளை அதட்டாத தமிழ் வீடு இருக்காது. மும்பையானாலும் டில்லியானாலும் இந்தச் சொல் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த நீலி யார், எந்த ஊர்க்காரி, எதற்காக அழுதாள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேரில் தொண்டை மண்டலத்தார் ஒரு கதையும், எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தார் வேறொரு கதையும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நீலிதானா? ஒரே நீலி என்றால் வடக்கே திருவாலங்காட்டின் பக்கத்தில் இருந்தவள் தெற்கே எங்கள் வழிக்கு எப்படி வந்து சேர்ந்தாள்?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது என் பேத்தி. அவளுடைய வயசுப் பிள்ளைகள் விளையாடும் ஒரு திகில் வீடியோ கேம் உண்டு. பெயர் 'டெட் பை டேலைட்'. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து நிறுவனம் ஒன்று 2016-இல் வெளியிட்டது. ஒரு கொலையாளி, தப்பி ஓட நாலு பேர், இவ்வளவுதான் ஆட்டம். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கொலையாளிகளில் பலர் அந்த கேமுக்கென்று பிறந்தவர்கள் அல்லர். 'ஹாலோவீன்' என்ற 1978-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தின் முகமூடிக்காரன் அதில் வருகிறான். ஜப்பானின் 'ரிங்கு' கதையில் கிணற்றிலிருந்து ஏறி வரும் சடாகோவும் 2022-இல் வந்து சேர்ந்தாள். "வேற வேற கதையில உள்ளவங்க எப்படி ஒரே இடத்துல இருக்க முடியும்?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "பாட்டா, அதுக்கு ஒரு காரணம் வச்சிருக்காங்க. 'என்டிட்டி'ன்னு ஒண்ணு இருக்கு. அது எல்லா உலகத்திலேயிருந்தும் ஆளைப் பனிமூட்டத்துக்குள்ள இழுத்துட்டு வந்துரும். வந்தவங்க அது சொல்ற விதிக்குக் கட்டுப்படணும்."

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கதையில் பிறந்த பேயை இன்னொரு கதைக்குள் கொண்டுவந்து குடியமர்த்துவது நம்மவர்களுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். வருகிறவளுக்கு மூன்று காரியம் செய்து கொடுக்கவேண்டும். அவள் வந்து சேர ஒரு வழி வேண்டும். பார்த்தவுடன் இன்னாள் என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். வந்த இடத்தில் அவளை அடக்கி நிறுத்த ஒரு கட்டு வேண்டும். வழி, அடையாளம், கட்டு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நீலியின் பயணத்தைப் பார்ப்போம்.

பழையனூர் வழக்கு

கதையின் முதல் வீடு பழையனூர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், காரைக்கால் அம்மையார் முத்தி பெற்ற திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர். பரவலாக வழங்கும் கதை இதுதான்: காசிக்குப் போன அந்தணன் ஒருவன் அங்கே ஒரு பெண்ணை மணந்து அழைத்து வருகிறான். ஊரில் அவனுக்கு முன்பே மனைவி உண்டு. ஆலங்காட்டை அடைந்ததும் புது மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவள் பழி தீர்க்கக் காத்திருக்கும் பேய். பேயை அண்டவிடாத வாள் ஒன்று அவன் கையில் இருக்கிறது. அவளோ கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டுப் போகிறான்" என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில் அழுகிறாள். அந்த அழுகைதான் நீலிக்கண்ணீர்.

"இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்" என்று வணிகன் கதறுகிறான். எழுபது பேரும் நம்பவில்லை. "உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விடுகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீ மூட்டி இறங்கிவிடுகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டின் ஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணத்தில் வேளாளரின் வாய்மைக்கு இந்தக் கதையைச் சான்றாக வைக்கிறார். ஆக, பழையனூரில் இது பேய்க்கதை மட்டும் அன்று. சொன்ன சொல்லுக்கு எழுபது உயிர் கொடுத்த கதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் வேண்டியிருக்கும்.

சமணர் அழைத்த விருந்தாளி

நீலியை முதன்முதலாக வேறொரு நூலுக்குள் கொண்டுபோனவர்கள் சமணர்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசி பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். பத்துச் சருக்கம், 894 பாடல்கள். சமய திவாகர வாமன முனிவர் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அதைப் பதிப்பித்தார்.

அதில் கதை நடப்பது பாஞ்சால நாட்டில். அங்கே ஒரு காளி கோயிலில் உயிர்ப்பலி கொடுக்க வருகிறவர்களிடம் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருள்ள ஆட்டுக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்கிறார். பலி நின்றுபோகிறது. அந்தக் காளியால் முனிவரை விரட்ட முடியவில்லை. தெற்கே பழையனூரில் இருக்கும் நீலியைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். இதுதான் நான் சொன்ன வழி. வடநாட்டுக் காளிக்குத் தென்னாட்டுப் பேய் எதற்கு என்று நாம் கேட்பதற்கு முன்பே புலவர் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். பயமுறுத்துவது, அழகிய பெண்ணாக உருமாறுவது ஆகிய நீலியின் பழைய அடையாளங்களும் வருகின்றன. ஆனால் முனிவர் அசையவில்லை. தோற்ற நீலி அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமை நெறிக்கு வந்துவிடுகிறாள். இங்கே கட்டு என்பது உபதேசம்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் இன்னும் சுவாரசியம். மனம் திருந்திய நீலி ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். அவள் முதலில் எதிர்கொள்வது குண்டலகேசியை. யார் இந்தக் குண்டலகேசி? பௌத்தர்களின் காப்பியத் தலைவி. தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத் துறவியானவள். கணவன் கையில் பட்ட துன்பம் இருவருக்கும் பொது. நீலியின் பெயரையே குண்டலகேசிக்கு ஒப்ப 'நீலகேசி' என்று நீட்டிவிட்டார்கள்! ஒரு நூலின் நாயகி இன்னொரு நூலின் நாயகியோடு மோதும் இந்த உத்தியைத்தான் இன்று கேம்காரர்கள் புதுமை என்று விற்கிறார்கள். இன்னொரு செய்தி: குண்டலகேசி காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த கொஞ்சமும் பெரும்பாலும் பிற நூல்களின் வழியாகக் கிடைத்ததே. அதில் எதிரி வீட்டு நீலகேசி உரைக்குப் பெரும் பங்கு உண்டு.

தெற்கே வந்த வழி

பழையனூருக்கும் பாறசாலைக்கும் நடுவே தமிழ்நாட்டின் நீளம் கிடக்கிறது. நீலி இங்கே வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு வீடு தயாராக இருந்தது. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டு வரும் மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுக்கிறார். இந்த இயக்கிதான் எங்கள் பக்கத்தில் இசக்கி. மலையாளத்தார் வாயில் யட்சி.

மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலை இருக்கிறது. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். கூடவே 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் இயக்கியான அம்பிகை, தன் பிள்ளைகளோடு நிற்கிறாள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டொன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இம்மலைப் பட்டாரிக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. பிற்காலத்தில் அந்தக் கோயில் பகவதி கோயிலாயிற்று. சமணம் போய்விட்டது, பிள்ளையோடு நிற்கும் பெண் தெய்வம் மட்டும் போகவில்லை.

இடுப்பில் கள்ளிக் குழந்தையோடு வந்த நீலிக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்குமா? இசக்கியம்மன் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் குழந்தை. சில சிலைகளில் வாயிலும் ஒரு குழந்தை. கொல்கிறவளும் அவளே, பிள்ளை வரம் தருகிறவளும் அவளே. வரம் பெற்றவர்கள் மரத்தொட்டில் கட்டுவார்கள். நீலகேசியில் முனிச்சந்திரர் சொன்ன மண்ணுருவம்போல, இசக்கி கோயில்களிலும் மண்ணால் செய்த பிள்ளை உருவங்களை நேர்ச்சையாக வைப்பதைக் காணலாம்.

ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பேர்பெற்றது. அந்தப் பக்கத்தில் கதை சொல்பவர்கள் பழையனூரைச் சொல்லமாட்டார்கள், பக்கத்திலுள்ள பழவூரைச் சொல்வார்கள். பெயர் ஒத்துப்போகிறது பாருங்கள்! வில்லுப்பாட்டில் வழங்கும் வடிவத்தில், நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன் தாசி குலத்துப் பெண்ணைக் கள்ளி மூட்டில் தூங்கும்போது கல்லைப் போட்டுக் கொல்கிறான். பிரிந்துபோன அவளும் அவள் அண்ணனும் சோழன் வீட்டில் நீலன், நீலி என்று பிறக்கிறார்கள். கொன்றவன் செட்டியாகப் பிறக்கிறான். பிறகு எல்லாம் பழையனூர்க் கதைதான். நாகர்கோவில் அருகே கள்ளியங்காடு என்றே ஓர் ஊர் இருப்பதால், நீலி 'கள்ளியங்காட்டு நீலி' ஆகிவிட்டாள். மலையாளத் தெக்கன் பாட்டுகளிலும் நீலி கதை உண்டு. அந்தப் பாட்டுகளின் மொழி தமிழா மலையாளமா என்று பிரிப்பது கடினம். எங்கள் பேச்சும் அப்படித்தானே!

தெற்கே அவளுக்கான கட்டு என்ன? கொடை. ஆண்டுக்கு ஒருமுறை அவளுடைய கதையை அவள் முன்னாலேயே முழுதாகப் பாடவேண்டும். வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பாட்டுகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று இரண்டாகப் பகுத்துக் காட்டினார். அநியாயமாகச் செத்தவர்களின் கதையைப் பாடும்போதுதான் சாமியாட்டம் உக்கிரமாகும். "உனக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும்" என்று ஊர் கூடிச் சொன்னால் அவள் அடங்குகிறாள்.

பாறசாலை வழியில் இரும்பும் சுண்ணாம்பும்

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற பழைய பாதை மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகும். ராஜா போன வழி, படை போன வழி, சந்தைக்குப் போன வழி எல்லாம் இதுதான். என் பாட்டி சொல்வாள்: "மக்கா, ராத்திரி வழியிலெ ஒருத்தி சுண்ணாம்பு கேட்டா கையிலெ குடுக்கப்பிடாது. பிச்சாத்தி முனையிலெ வச்சு நீட்டணும். இரும்பைக் கண்டா அவ கிட்ட வரமாட்டா." பிச்சாத்தி என்றால் எங்கள் ஊரில் கத்தி.

1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலையில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே காட்டுவழியில் ஆளைக் கொன்ற ஒரு யட்சியின் கதை இருக்கிறது. அவளை அடக்குபவர் கடமற்றத்து கத்தனார் என்ற கிறிஸ்தவப் பாதிரியார். அவரோ இன்றைய எறணாகுளம் மாவட்டத்துக்காரர். அவரும் இந்த வழிக்கு வெளியூர் விருந்தாளிதான். இரும்பாணியை யட்சியின் தலையில் அடித்து, சாதாரணப் பெண்ணாக்கிக் காயங்குளத்தில் ஒரு வீட்டில் விடுகிறார். அந்த வீட்டுக் கிழவி அன்போடு தலை பார்த்துவிடும்போது ஆணியைக் கண்டு பிடுங்கிவிடுகிறாள். யட்சி தப்பிவிடுகிறாள். கடைசியில் பனயன்னார்காவில் அவள் குடியமர்வதாகக் கதை முடிகிறது.

இந்த யட்சிக்குப் பழையனூர் வழக்கும் இல்லை, எழுபது வேளாளரும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் இவளையும் கள்ளியங்காட்டு நீலியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 2004-இல் மலையாளத் தொலைக்காட்சியில் வந்த கடமற்றத்து கத்தனார் தொடரைப் பார்த்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, நீலி என்றால் கத்தனார், கத்தனார் என்றால் நீலி.

இதே வட்டாரத்துக் காஞ்சிரக்கோட்டு யட்சியின் கதையில் சரித்திர மனிதர்களே வந்துவிடுகிறார்கள். அவள் உயிரோடிருந்த காலத்தில் மங்கலத்து வீட்டுச் சிருதேவி. மார்த்தாண்டவர்மாவை (ஆட்சி 1729-1758) எதிர்த்த ராமன் தம்பிக்கு வேண்டியவள் என்பது வழக்கு. அவள் இப்போது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் 'பி' நிலவறையில் இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. 2011-இல் மற்ற நிலவறைகளைத் திறந்தபோது இந்தக் கதை மறுபடியும் பேச்சுக்கு வந்தது.

எது வந்தது, எது விடுபட்டது?

பழையனூர்க் கதையையும் கத்தனார் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வணிகன் கையில் வாள். இங்கே யட்சி தலையில் ஆணி. இரண்டும் காவல். அங்கே காவலை வாங்கி வைப்பவர்கள் நல்ல மனசுக்கார வேளாளர்கள்; இங்கே பிடுங்குபவள் நல்ல மனசுக்காரக் கிழவி. அடையாளம் எவ்வளவு உறுதியாக ஊர் விட்டு ஊர் வந்திருக்கிறது! பாட்டியின் பிச்சாத்தி முனையும் அந்த இரும்புதான்.

ஆனால் ஒன்று விடுபட்டுவிட்டது. கிழவி ஆணியைப் பிடுங்கியதற்கு அவள் எந்த விலையும் கொடுக்கவில்லை. கத்தனார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார். பழையனூரில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. தீர்ப்புச் சொன்னவர்கள் தாங்களே விலை கொடுத்தார்கள். வலிமையான மந்திரவாதி ஒருவர் கதைக்குள் வந்தவுடன், சாதாரண ஊர்க்காரர்களின் பொறுப்பு வெளியே போய்விட்டது.

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா அத்தியாயம் 1: சந்திரா' என்ற மலையாளப் படத்தில் நீலி இன்னொரு படி தாண்டிவிட்டாள். பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கும் இளம்பெண்ணாக, நல்லவர்களைக் காக்கும் வீராங்கனையாக வருகிறாள். கத்தனார் உண்டு, சாத்தன் உண்டு, ஒடியன் உண்டு. எல்லாரையும் ஒரே கதையில் கோத்திருக்கிறார்கள். என் பேத்தி ரசித்துப் பார்த்தாள், நானும் ரசித்தேன். வேற்றூருக்குப் பிழைக்க வந்து, யார் என்று சொல்லாமல் வாழும் நீலியைப் பார்க்கையில், நம் கதையும் அதுதானே என்று பட்டது. அந்தப் படத்தில் எழுபது பேரைத் தேடுவது நியாயம் அல்ல. அது வேறு கதை.

ஆனால் படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "பாட்டா, நீலி மலையாளியா தமிழா?" இந்தக் கேள்வி எங்கள் ஊர்க்காரனுக்குச் சும்மா கேள்வி அல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையில் பஸ் மாறுகிற நேரத்தில் மாநிலமே மாறிவிடும். சொந்தக்காரர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். "நீ யாரு?" என்று எங்களைக் கேட்டவர்கள் அநேகம். நீலியை மட்டும் எல்லைக்கு இரு பக்கத்திலும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இங்கேயும் அவளுக்குக் கோயில், அங்கேயும் அவளுக்குக் கோயில்.

நான் பேத்திக்குச் சொன்ன பதில் இதுதான்: "அவ பிறந்தது தமிழ்க் கதையிலே. குடியிருந்தது சமணர் வீட்டிலே, இசக்கி கோயில்லே, கத்தனார் கதையிலே. போன இடத்திலெல்லாம் அந்த வீட்டு விதிக்குக் கட்டுப்பட்டா. ஆனா கையிலே உள்ள பிள்ளையை மட்டும் கீழே போடலை."

அவளுக்குக் கள்ளிக் குழந்தை தெரியாது. எழுபது பேர் தெரியாது. அன்று ராத்திரி பழையனூர்க் கதையை முழுதாகச் சொன்னேன். பேய் கொல்லும் இடத்தில் அவள் பயப்படவில்லை. அதைவிடப் பயங்கரமானதை கேமில் பார்த்திருக்கிறாள். எழுபது பேரும் தீக்குள் போகும் இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏன் பாட்டா? அவங்களும் ஏமாந்தவங்கதானே? ஓடிப் போயிருக்கலாமே?" என்றாள். நியாயமான கேள்விதான். அதன் மேல் ஒரு மணி நேரம் பேசினோம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் நீலியைச் சினிமாவில் பார்க்கட்டும். நாளைக்கு ஏதாவது கேமிலும் அவள் வருவாள், அதிலும் ஆடட்டும். அதில் நட்டம் ஒன்றும் இல்லை. ஆயிரம் வருஷமாக அவள் இப்படித்தான் பிழைத்து வருகிறாள். ஆனால் அந்த எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வரும் வழி சினிமாவுக்கும் கேமுக்கும் தெரியாது. பழையனூர்க் கதை தெரிந்த பெரியவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். வருகிற கூட்டங்களில் பிள்ளைகளை உட்கார வைத்து, அவரவர் ஊரில் கேட்ட நீலியை அவரவர் பேச்சிலேயே சொல்லுங்கள். தொண்டை மண்டலத்தார் ஒரு விதமாகவும் நாஞ்சில் நாட்டார் ஒரு விதமாகவும் சொல்வார்கள். பாறசாலைக்காரன் சொல்வதில் பாதி மலையாளம் கலந்திருக்கும். எல்லாம் இருக்கட்டும், எழுபது பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.